தூரக் கணக்கும் தங்கல் கணக்கும்

நெடுஞ்சாலைப் பயணம் குறித்துத் தமிழ்நாட்டில் இன்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்ட கருத்து ஒன்று உண்டு. சாலைகள் நான்கு வழியாகவும் ஆறு வழியாகவும் விரிந்துவிட்டன, வழி கேட்க வேண்டிய தேவையைக் கைபேசி நீக்கிவிட்டது, ஃபாஸ்டேக் வந்தபின் சுங்கச்சாவடியில் சில்லறைக்கு நிற்க வேண்டியதும் இல்லை. ஆகவே நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் காரில் போய்வருவதற்கு முன்னேற்பாடு என்று தனியாக ஒன்றும் வேண்டாம், டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பிவிட்டால் மற்றதெல்லாம் வழியில் அமைந்துவிடும் என்பதே அக்கருத்து. ஒரே நாளில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினோம் என்பதைப் பெருமையாகச் சொல்லும் பழக்கமும், போக்குவரத்து குறைந்த இரவுதான் ஓட்டுவதற்குத் தோதான நேரம் என்ற நம்பிக்கையும், பெயர்பெற்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே கிடக்கும் வறண்ட நாட்டைச் சீக்கிரமாகக் கடந்துவிட வேண்டிய வெற்றிடமாகக் கருதும் மனப்போக்கும் இக்கருத்தின் பிள்ளைகள். எல்லாம் சேர்ந்து ஒரே தவற்றின் மேல் நிற்கின்றன: நெடும்பயணத்தின் அலகு தூரம் என்று கொள்வதே அத்தவறு. நெடும்பயணத்தின் அலகு தங்கல். எங்கே நிற்பது, எப்போது நிற்பது, நிற்கும் இடத்தில் தண்ணீரும் நிழலும் பாதுகாப்பும் உண்டா என்பவற்றை முதலில் தீர்மானித்துவிட்டு, அவற்றுக்கு இடைப்பட்டதாகத் தூரத்தை வைத்துக்கொள்வதே சரியான முறை. அம்முறை எங்கிருந்தோ இறக்குமதியானதும் அன்று.

இதைக் காட்டுவதற்குக் காரியாபட்டியைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. விருதுநகர் மாவட்டத்தின் வட பகுதியில், மதுரைக்குத் தெற்கே, அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் அண்டை வட்டமாக இருக்கும் இவ்வூரை ஒட்டி, வேலூரில் தொடங்கித் திருவண்ணாமலை, விழுப்புரம், திருச்சி, மதுரை வழியாகத் தூத்துக்குடியில் முடியும் 38ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை செல்கிறது. மேற்கே கள்ளிக்குடிக்குப் போனால், ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைத்து ஏறத்தாழ 3,745 கிலோமீட்டர் ஓடுகிற, நாட்டிலேயே மிக நீளமான 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறிவிடலாம். இந்திய வரைபடத்தில் நெடும்பயணம் என்று எதையெல்லாம் சொல்கிறார்களோ அதன் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. ஆயினும் இவ்விரு சாலைகளிலும் விரையும் வண்டிகளில் இருப்போருக்குக் காரியாபட்டி என்பது பச்சைப் பலகையில் பட்டு மறையும் ஒரு பெயர் மட்டுமே. கரிசலும் செவலும் கலந்த மானாவாரிக் காடு, சீமைக்கருவேலம், ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் குண்டாறு, ஆங்காங்கே பனை. இதில் நிற்பதற்கு என்ன இருக்கிறது என்பது அவர்களுடைய கேள்வி. பயணத்தில் நிற்பது எப்படி என்பதைக் கற்று, அதற்கென்று நிறுவனங்களையே கட்டியெழுப்பிய நாடு இது என்பது வரலாறு தரும் விடை.

மழை குறைந்த நாட்டில் வழிப்போக்கனின் முதற்கவலை தண்ணீர். ஆற்றுப்பாசன நாட்டில் வாய்க்கால் எங்கும் குறுக்கிடும். இங்கே எந்த ஊரில் ஊருணி இருக்கிறது, அதில் எந்த மாதம் வரை தண்ணீர் நிற்கும் என்று தெரியாமல் வண்டி பூட்ட முடியாது. ஊருணி என்பது குடிநீருக்கென்றே வெட்டப்பட்டு, மாடு இறங்காதபடியும் கால் கழுவாதபடியும் ஊரே காவல் காத்த குளம்; அதில் குடத்தை முக்கி, வேட்டித் துணியில் வடிகட்டி மொண்டுகொள்வது அண்மைக்காலம் வரை இருந்த வழக்கம். இந்தக் கவலையின் பழமைக்குக் கல்லில் சான்று உண்டு. அருப்புக்கோட்டை வட்டாரத்துக் கோவிலாங்குளத்தில் முதற்குலோத்துங்கன் காலத்துச் சமணக் கோயில் கல்வெட்டுகளில், கோயிலுக்கு அளித்த கொடைகளோடு தண்ணீர்ப் பந்தலும், அதாவது வழியில் போவோருக்கு நிழலும் நீரும் தருவதற்கென்று அமைக்கும் சாவடியும், இடம்பெறுகிறது. 1689 முதல் ஏறத்தாழ 17 ஆண்டுகள் மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலையோரம் மரம் வைத்ததையும் சத்திரம் கட்டியதையும் பள்ளிப்பிள்ளைகளும் அறிவர். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயர் தாங்கிய சத்திரம் இன்றும் இருக்கிறது, தெற்கே குமரி நோக்கிச் சென்ற பழைய வழியை மங்கம்மாள் சாலை என்று இன்றும் அழைக்கிறார்கள். இராமேசுவரம் செல்லும் சேதுவழியில் சேதுபதி மன்னர்கள் சத்திரங்களை வரிசையாக நிறுவினார்கள். இவற்றை அரசர்களின் புண்ணியக் கணக்கில் எழுதிவிட்டு நகர்வது வழக்கம். உண்மையில் இவை போக்குவரத்துத் திட்டத்தின் உறுப்புகள்; சாலையைப் போட்டுவிட்டுத் தங்கலை மறப்பது அக்காலத்து ஆட்சியாளருக்குத் தோன்றாத ஒன்று.

இதைவிடவும் கூர்ந்து நோக்கத்தக்கது 19ஆம் நூற்றாண்டில் இவ்வட்டாரத்து வணிகர்கள் தாமாகவே அமைத்துக்கொண்ட பேட்டை முறை. நாடார் சமூகத்தின் வரலாறு பற்றி 1969இல் நூல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் இதை விரிவாக எழுதியிருக்கிறார். தெற்கேயுள்ள பனைநாட்டிலிருந்து கருப்பட்டி முதலிய சரக்குகளை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்த வணிகர்கள், வழிப்பறிக்கு அஞ்சிக் கூட்டமாகப் பயணம் செய்தனர். இரவில் வண்டியும் மாடும் சரக்கும் பத்திரமாக நிற்பதற்கென்று சுற்றுச்சுவரோ வேலியோ உள்ள வளாகங்களை வழியில் ஏற்படுத்திக்கொண்டனர். இவையே பேட்டைகள். இவற்றைப் பராமரிக்க ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு சிறு தொகையைப் பொதுநிதிக்குக் கொடுத்தார்கள்; அந்தத் தொகைக்கு மகமை என்று பெயர், அதை நிர்வகித்த சமூக அமைப்பு உறவின்முறை. அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, விருதுநகர், சிவகாசி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஊர்கள் இப்படி வேரூன்றின. பின்னாளில் இந்த மகமைப் பணத்திலிருந்து பள்ளிக்கூடங்கள் எழுந்தன, ஊர்கள் நகரங்களாயின. வழிப்பயணத்தில் மாடு அவிழ்த்துக் கட்டிய இடமே சந்தையாகி, சந்தை நகரமாகி, நகரம் கல்விச்சாலையாகிய இவ்வரலாற்றைத் தன் மண்ணில் வைத்துக்கொண்டு, நிற்பது வீண் நேரம் என்று ஒருவர் பேசுவதைப் பொறுத்துக்கொள்வது கடினம்.

பேட்டைக்குள் நடந்த வேலைகளைப் பார்த்தால் முன்னேற்பாடு என்பதன் பொருள் விளங்கும். நுகத்தடியை இறக்கி மாட்டை அவிழ்த்ததும் முதலில் கழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள். நுகம் அழுத்திப் புண் கண்டிருந்தால் மறுநாள் அந்த மாடு பூட்டப்படாது. குளம்பைத் தூக்கி லாடம் தேய்ந்திருக்கிறதா, ஆணி ஆடுகிறதா என்று பார்ப்பார்கள். அச்சில் வண்டி மை, அதாவது வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மசகு, வற்றியிருந்தால் சக்கரத்தைக் கழற்றிப் புதிதாகப் பூசுவார்கள். கடையாணியைத் தட்டிப் பார்ப்பார்கள். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றிய பிறகுதான் ஆள் சோற்றுக்கு உட்காருவான். இன்றைய காரில் இவற்றுக்கு நிகரான வேலைகள் எல்லாம் உள்ளன: காலையில் டயர் சூடேறும் முன் காற்றழுத்தம் பார்ப்பது, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பது, கூலன்ட் அளவும் இன்ஜின் ஆயிலும் பார்ப்பது, பிரேக் தேய்மானம் கேட்பது, காப்பீட்டுத் தாளும் புகைச் சான்றும் காலாவதியாகாமல் இருப்பது. வாகனம் புதியது, ஆகவே இவை வேண்டாம் என்று சொல்பவர், சித்திரை வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையில், குறைந்த காற்றோடு ஐந்து பேரையும் பெட்டிகளையும் சுமந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சுழலும் டயரின் உட்சுவர் எப்படிச் சூடேறிப் பிரியும் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை.

இவையெல்லாம் குறுகிய வட்டாரத்துப் பழக்கம், நாடு தழுவிய பயணத்துக்குப் பொருந்தாது என்று ஒரு தடை எழலாம். அதற்கு விடையாக ஏனுகுல வீராசாமி இருக்கிறார். சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய அவர், 1830 மே மாதம் சென்னையிலிருந்து பெரும் பரிவாரத்தோடு காசிக்குப் புறப்பட்டு, திருப்பதி, கடப்பை, ஹைதராபாத், நாகபுரி, ஜபல்பூர், அலகாபாத் வழியாகச் சென்று, கல்கத்தா, பூரி வழியாக 1831 செப்டம்பரில் திரும்பினார். தெலுங்கில் அவர் எழுதிய நாட்குறிப்பு 1838இல் நூலாக அச்சேறியது. அந்நூலின் முதுகெலும்பு காட்சி வருணனை அன்று. ஒவ்வொரு நாளும் தங்கிய ஊர், அங்கே தண்ணீர் எப்படி, கடைகளில் எது கிடைக்கும், எந்த வழியில் கல், எங்கே சேறு, அடுத்த தங்கல் எவ்வளவு தொலைவு என்ற குறிப்புகளே அதை நடத்திச் செல்கின்றன. பின்னால் வருகிறவருக்குப் பயன்பட வேண்டும் என்பதற்காகவே அவர் அப்படி எழுதினார். அவர் ஹைதராபாத்திலிருந்து நாகபுரி நோக்கிப் போன திசையில்தான் இன்றைய 44ஆம் எண் நெடுஞ்சாலையும் போகிறது. அதே காசி வழியில் செட்டிநாட்டு நகரத்தார் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய சத்திரம் காசியில் இன்றும் தமிழ் யாத்திரிகருக்கு இடம் தருகிறது. ஆகவே நீண்ட பயணத்தைத் தங்கல்களாகப் பிரித்துத் திட்டமிடுவது நாடளாவிய முறையாகவே இருந்திருக்கிறது.

மாட்டு வண்டிக்குப் பொருந்தியது காருக்கு ஏன் பொருந்த வேண்டும் என்பது அடுத்த கேள்வி; நிலவும் கருத்தின் உண்மையான வலிமை இதில்தான் இருக்கிறது. வண்டி மாறியது உண்மை, ஓட்டுகிற உடல் மாறவில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஓட்டுநர் உள்ளிட்ட தொழிலாளருக்குப் பொதுவாக நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டி, ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரைமணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதி இன்னும் கண்டிப்பானது: கனரக வாகன ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும். கூலிக்கு ஓட்டுபவர், பல ஆண்டுப் பழக்கம் உள்ளவர், அவருக்கே சட்டம் இப்படி எல்லை வகுத்திருக்கும்போது, வாரம் முழுவதும் அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டு, குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு, ஒரே நாளில் 900 கிலோமீட்டர் ஓட்டுகிற குடும்பத் தலைவருக்கு எல்லை வகுக்க யாரும் இல்லை. அந்த எல்லையைப் பயணம் தொடங்கும் முன் காகிதத்தில் அவரே எழுதிக்கொள்ள வேண்டும். ஓட்டத்தின் நடுவே, களைப்பு ஏறிய பிறகு எடுக்கும் முடிவு எப்போதும் இன்னும் கொஞ்சம் போய்விடலாம் என்பதாகவே இருக்கும்.

நல்ல சாலையே போதிய பாதுகாப்பு என்ற எண்ணத்தை அரசின் புள்ளிவிவரமே மறுக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில் மட்டும் 61,038 பேர், அதாவது நூற்றுக்கு 36 பேர், இறந்தனர். அதே ஆண்டில் 64,105 விபத்துகளோடு நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு. இந்தியாவின் மிகச் சிறந்த சாலைகள் பல இருக்கும் மாநிலம் என்று பெருமைப்படுகிற அதே இடத்தில்தான் இந்த எண் நிற்கிறது. நெடுஞ்சாலையில் வண்டிகள் மிகுதி, கனரக வாகனங்கள் மிகுதி என்பதும் இதற்கு ஒரு காரணமே; ஆனால் சாலை அகலமானதும் விபத்து ஒழிந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இந்தக் கணக்கில் ஓரிடமும் இல்லை.

இரவுப் பயணத்தை ஆதரிப்போர் பழைய வண்டிக்காரரையே சாட்சிக்கு அழைப்பதுண்டு. கோடையில் பாரவண்டிகள் இரவில்தானே போயின, அச்சுக்கடியில் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டு வரிசையாகப் போனார்களே, அதே அறிவைத்தானே இன்றைய கார்க்காரரும் பின்பற்றுகிறார் என்பது அவர்கள் வாதம். ஒப்புமை தலைகீழானது. வண்டிக்காரர் இரவில் வண்டித் தட்டில் கண்ணயர்ந்தால் மாடு நடந்துகொண்டே இருக்கும். தடம் தெரிந்த மாடு பள்ளத்தில் இறங்காது, முன்வண்டியை இடிக்காது, வேகமோ மணிக்கு நாலைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாது. அது மட்டுமின்றி, இரவில் நடந்த கூட்டம் பகல் முழுவதும் மர நிழலிலோ பேட்டையிலோ அவிழ்த்துப் போட்டுத் தூங்கியது. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவில் ஸ்டியரிங்கைப் பிடிப்பவருக்கு இவ்விரண்டு காப்பும் இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் போகிறது. மூன்று நொடி இமை மூடினால் 80 மீட்டருக்கு மேல் ஓட்டுநர் இல்லாத கார் அது. கண் விழித்திருந்தாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. அந்த வேகத்தில் தடையைக் கண்டு, காலை மிதித்து, வண்டி நிற்பதற்கு ஏறத்தாழ 100 மீட்டர் ஆகும். எதிர்வண்டிக்காகத் தாழ்த்திய விளக்கு அவ்வளவு தூரம் காட்டாது. பின்விளக்கு எரியாமல் சாலையோரம் நிற்கும் டிராக்டரும், கிடையிலிருந்து தப்பிக் குறுக்கே வரும் மாடும் இந்த வட்டாரத்துச் சாலைகளில் எந்த இரவிலும் எதிர்ப்படக்கூடியவை. வெயிலுக்கு அஞ்சுபவர் விடியற்காலை புறப்பட்டு, உச்சிப்பொழுதுக்கு முன் நாளின் பெரும்பகுதியை முடித்துக்கொள்ளலாம். இரவில் ஓட்ட வெயில் ஒரு காரணம் ஆகாது.

வரைபடத்தின் மேலுள்ள நம்பிக்கையைப் பொறுத்தவரை, திருச்சுழி ஒரு பாடம் வைத்திருக்கிறது. குண்டாற்றங்கரையிலுள்ள அவ்வூரில் 1879 டிசம்பர் 30இல் பிறந்து பின்னாளில் இரமண மகரிஷி என்று அறியப்பட்ட வேங்கடராமன், தம் பதினாறாம் வயதில், 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரை வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். உள்ளம் உந்தினால் போதும், வழி தானே திறக்கும் என்பதற்கு இந்நிகழ்ச்சியை மேற்கோள் காட்டுவோர் உண்டு. நடந்தது வேறு. அவர் ஒரு பழைய நிலப்பட நூலைப் பார்த்து, திருவண்ணாமலைக்கு அண்மையிலுள்ள ரயில் நிலையம் திண்டிவனம் என்று முடிவு செய்து, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, திண்டிவனத்துக்குச் சீட்டு வாங்கினார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகவே ரயில் ஓடத் தொடங்கியிருந்தது அந்தப் பழைய படத்தில் இல்லை. அதை அவருக்குச் சொன்னவர் பெட்டியில் உடன் வந்த ஒரு மௌல்வி. விழுப்புரத்தில் இறங்கியவரின் கையில் மிஞ்சியது மாம்பழப்பட்டு வரைக்குமான சீட்டுக்கே போதுமானதாக இருந்தது; அங்கிருந்து அறையணிநல்லூருக்கு நடந்து, கீழூரில் காதுக் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்து, செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலை சேர்ந்தார். துறவை நோக்கிய புறப்பாட்டிலும் கட்டணக் கணக்கு இருந்தது, வழித் தேடல் இருந்தது. தவறியது படத்தின் வயது. அந்தத் தவற்றைத் திருத்தியது உடன்பயணியின் வாய்ச்சொல்.

கைபேசி வரைபடம் பழையதாகாது என்று சொல்லலாம். ஆனால் அது பாதையின் தன்மையை அறியாது. காரியாபட்டி, திருச்சுழி, நரிக்குடி வட்டாரத்தில் ஊரையும் ஊரையும் இணைக்கும் வண்டிப்பாதைகள் பல திரையில் சாலையைப் போலவே கோடாகத் தெரிகின்றன. தூரம் குறைவு என்பதால் அவற்றைக் காட்டுவதும் உண்டு. கோடையில் அவற்றில் புழுதிதான் தொல்லை. ஐப்பசியில் ஒரு மழை பெய்துவிட்டால் கரிசல் குழைந்து சக்கரத்தைச் சுற்றி அப்பிக்கொள்ளும். ஒரு சுற்றுக்கு ஒரு விரற்கடை என்று ஏறி, மட்கார்டுக்கும் டயருக்கும் இடையில் இறுகி, சக்கரம் சுழலவே மறுத்துவிடும். டிராக்டர் வைத்து இழுப்பதைத் தவிர அதற்கு வழி கிடையாது. எந்தத் தடம் கரிசல், எது செவல், எது சரளை கொட்டியது என்பது டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்குத் தெரியும். கேட்பதற்கு வண்டி நிற்க வேண்டும்.

பருவத்தைப் பற்றிய அலட்சியம் இதனினும் பெரிய கேடு. தெற்கிலிருந்து தில்லி நோக்கி 44ஆம் எண் சாலையில் போகிற தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் பள்ளி விடுமுறையில் போகின்றன. அதாவது மே மாதத்தில், அல்லது அரையாண்டுத் தேர்வு முடிந்த டிசம்பர் இறுதியில். மே மாதத்தில் அந்தச் சாலையின் நடுப்பகுதியான நாகபுரி வட்டாரம் 45 டிகிரி செல்சியஸைத் தொடும். டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் குவாலியர், ஆக்ரா தொடங்கி அம்பாலா வரை விடியற்காலைகளில் அடர்ந்த மூடுபனி இறங்கும். பத்து மீட்டர் முன்னே போகும் லாரி தெரியாது. பனியைக் கண்டறியாத நாட்டிலிருந்து போகும் ஓட்டுநர், தம் ஊரில் செய்வதைப் போலவே அங்கேயும் நாலு மணிக்குக் கிளம்பினால் நேராக அதற்குள் போய் நுழைவார். காரியாபட்டியில் சரியாக இருக்கும் விடியற்காலைப் புறப்பாடு, பானிப்பட்டில் ஜனவரி மாதத்தில் பிழை. அங்கே வெயில் ஏறிய பின்பே வண்டியை எடுக்க வேண்டும். ஒரே சாலை, ஒரே எண், ஆனால் அதன் நீளத்தில் வெவ்வேறு பருவங்கள் குடியிருக்கின்றன. இதைத் திரை சொல்லாது, கிளம்பும் முன் பஞ்சாங்கம் பார்ப்பதைப் போலப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, வறண்ட நாட்டில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை என்ற கூற்று. மதுரை–தூத்துக்குடிச் சாலையின் நீளம் 130 கிலோமீட்டருக்குள் அடங்குவது. அதில் காரியாபட்டியிலிருந்து கிழக்கே திரும்பினால் திருமேனிநாதர் கோயிலும் இரமணர் பிறந்த வீடும் உள்ள திருச்சுழி. தொடர்ந்து தெற்கே போனால் தறிச்சத்தம் ஓயாத அருப்புக்கோட்டை. சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கும் பந்தல்குடி. அதற்கும் தெற்கே, 1882இல் பாரதி பிறந்ததும், முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்ததும், சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடக்கமானதுமாகிய எட்டயபுரம். தமிழின் புதுக்கவிதைக்கு முன்னோடியும், கருநாடக இசையின் மூவரில் ஒருவரும், இசுலாமியத் தமிழ்க் காப்பியப் புலவரும் ஒரே சிற்றூரில் சேர்ந்திருக்கும் இடத்தை மணிக்கு 100 கிலோமீட்டரில் தாண்டிவிட்டு, வழியில் ஒன்றும் இல்லை என்று சொல்வது அந்த நிலத்துக்குச் செய்யும் அநீதி. நெடும்பயணம் போகிறவர்கள் தொலைதூரத்துப் புகழ்பெற்ற இடங்களுக்காக எத்தனையோ முன்பதிவு செய்கிறார்கள். வீட்டிலிருந்து முதல் இரண்டு மணி நேரத்துக்குள் இருப்பதை மட்டும் காணாமல் போகிறார்கள். மழைக்குப் பின்வரும் மாதங்களில் இக்காட்டில் குதிரைவாலியும் சோளமும் உளுந்தும் கொத்தமல்லியும் பருத்தியும் அடுத்தடுத்துத் தலை காட்டும். கொத்தமல்லி பூத்த கரிசல் வழியே கண்ணாடியை இறக்கிவிட்டுப் போன எவரும் அதை வெற்றிடம் என்று சொல்லமாட்டார்.

நிற்க விரும்புபவருக்கும் நிற்க இடமில்லாதபடி சாலை அமைக்கப்பட்டிருப்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். குறை பயணியிடம் மட்டும் இல்லை. பழைய சாலையோரத்துப் புளியும் வேம்பும் அகலப்படுத்தலில் போயின. நடுத்திட்டில் வளர்க்கப்படும் அரளி எதிர்விளக்கை மறைக்கும், யாருக்கும் நிழல் தராது. ஊரைச் சுற்றிப் போடப்பட்ட புறவழிச்சாலை நேரத்தை மிச்சப்படுத்தியது, கூடவே ஊருக்குள் இருந்த சாப்பாட்டுக் கடையையும் பஞ்சர் கடையையும் மருந்துக் கடையையும் பயணியின் கண்ணிலிருந்து அகற்றியது. எலியார்பத்தியிலும் புதூர் பாண்டியாபுரத்திலும் கட்டணம் செலுத்திப் போகிற இந்தச் சாலையின் பராமரிப்பு நீதிமன்றம் வரை போன செய்தி: 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, சாலை சீர்செய்யப்படும் வரை கட்டணம் வசூலிக்கக் கூடாதென்று உத்தரவிட்டது, பின்னர் உச்ச நீதிமன்றம் அவ்வுத்தரவை நிறுத்திவைத்தது. வழக்கு எப்படி முடிந்தாலும், மகமை கொடுத்த வண்டிக்காரர் பதிலுக்குக் கிணறும் சுவரும் காவலும் உள்ள பேட்டையைப் பெற்றார் என்பதையும், சுங்கம் கொடுக்கிற இன்றைய லாரி ஓட்டுநர் சாலையோர மண்ணில் இறங்கிச் சக்கரத்தின் நிழலில் படுக்கிறார் என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் உரிமை உண்டு.

திட்டமிட்டால் பயணத்தின் சுதந்திரம் போய்விடும் என்ற முறையீடு கவர்ச்சியானது. இளைஞர்களை ஈர்ப்பதும் அதுவே. ஆனால் திட்டமில்லாப் பயணத்தில் முடிவுகளை எடுப்பது யார் என்று பார்க்க வேண்டும். இரவு பத்து மணிக்கு, அறை எங்கும் காலியில்லாத ஊரில், குழந்தை அழ, கிடைத்த விலைக்குக் கிடைத்த இடத்தில் படுப்பவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. பசி நேரம் தவறிக் கண்ணில் பட்ட கடையில் சாப்பிடுபவரும் தேர்ந்தெடுக்கவில்லை. மாலை ஐந்து மணிக்குத் தங்கல் உறுதியாக இருப்பவருக்குத்தான், வழியில் ஒரு கோயிலைக் கண்டு இறங்கி ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்கும் உரிமை கைவசம் இருக்கிறது. நாள் ஒன்றுக்கு 350 கிலோமீட்டர் என்று வைத்தவர் பாதி நாளை வழிக்குக் கொடுக்க முடியும். 900 என்று வைத்தவர் வழியில் மயில் நின்றாலும் நிறுத்த முடியாது.

எஞ்சுவது ஒரே ஒரு வாதம், அதற்கு மரியாதையோடு விடை சொல்ல வேண்டும். தமிழ்க் குடும்பங்களுக்கு விடுப்பு குறைவு. மில்லில், கடையில், அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்குப் பத்து நாள் கிடைப்பதே அரிது. அந்தப் பத்து நாளில் தில்லியையும் காஷ்மீரையும் பார்க்க ஆசைப்பட்டால் இரவு பகலாக ஓட்டாமல் வேறென்ன செய்வது என்று கேட்கிறார்கள். ஆசையில் பிழையில்லை. ஆனால் காரியாபட்டியிலிருந்து தில்லிக்கு ஒரு வழிக்கே ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். பத்து நாளில் போய்வந்தால் பத்து நாளும் சாலையே, பார்ப்பதற்கு நாள் இல்லை. காலத்துக்குத் தகுந்தபடி இடத்தைச் சுருக்குவதுதான் வழி, இடத்துக்காக உறக்கத்தைச் சுருக்குவது வழியாகாது. காலாண்டுத் தேர்வு விடுமுறையில், மே வெயிலும் வடநாட்டுப் பனியும் இல்லாத நாட்களில், அக்குடும்பம் ஹம்பிக்குப் போகலாம். முதல் நாள் விடியற்காலை கிளம்பி மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம் வழியாக, இடையில் இரண்டு முறை இறங்கி நின்று, மாலைக்குள் கிருஷ்ணகிரி. இரண்டாம் நாள் பெங்களூரைக் காலை நெரிசலுக்கு முன்பே சுற்றிக் கடந்து, மதியத்துக்குப் பின் சித்ரதுர்கா, வெயில் தாழக் கோட்டை. மூன்றாம் நாள் உச்சிக்கு முன் ஹொசபேட்டை. மூன்று முழு நாட்கள் துங்கபத்திரைக் கரையில் இருக்கும், திரும்பி வர அதே மூன்று நாட்கள் இருக்கும். மீதி ஒரு நாளைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி பழுதுபட்டாலோ, மழை பிடித்தாலோ, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலோ எடுத்துக்கொள்வதற்கு. எதுவும் நேராவிட்டால், அந்த நாளில் திருச்சுழிக்குப் போய்வரலாம்.